கையை எடுக்காதீங்க

"பேச்சுமூச்சு இல்லாம கிடக்காரு" என்று போனில் ஒருவர் பதறினால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று உடனே சொல்லிவிடலாம். "மூச்சு இருக்கு சிஸ்டர். நல்லா குறட்டை விட்டுத் தூங்குறாரு. எழுப்புனாத்தான் எந்திரிக்கல" என்று நிதானமாகச் சொல்கிற குரல்தான் ஆம்புலன்ஸ் வண்டிக்குள் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

நன்றாக இருந்த மனிதர் சட்டென்று சாய்ந்திருக்கிறார், கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, ஆனால் குறட்டை வருகிறது என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "ஒரு குறட்டைக்கும் அடுத்த குறட்டைக்கும் நடுவுல எம்புட்டு நேரம் ஆகுது?" தூங்குகிறவருக்கு மூச்சு சீராக வரும். இவருக்கு ஒன்று வந்து, சில நொடி ஒன்றுமே இல்லாமல் கழிந்து, பிறகு தாடை இறங்கி வாய் அகலத் திறந்து இன்னொன்று வரும். நெஞ்சு ஏறி இறங்காது. இதயம் ஏற்கெனவே நின்றுவிட்டது. மூளையின் அடித்தண்டு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துத் தொண்டையையும் தாடையையும் அசைத்துக்கொண்டிருக்கிறது. அந்த அசைவைப் பார்த்துவிட்டு "உசுரு இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரலாம்" என்று வேட்டியை மடித்துக் கட்டி ஆட்டோவைக் கூப்பிடுவார்கள். மூன்று பேர் அவரைத் தூக்கி, பின் சீட்டில் நிமிர்த்தி உட்காரவைத்து, தலை மார்பில் மடிந்து தொங்க, கம்பம் சாலையில் வண்டி பறக்கும். அந்தப் பயணம் முழுவதும் மூளைக்கு ஒரு சொட்டு ரத்தம் போவதில்லை.

எங்கள் பக்கம் இந்த மூச்சை "இழுத்துக்கிட்டிருக்கு" என்பார்கள். வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்த தாத்தாவுக்கு அப்படி வந்தால் உறவுக்குச் சொல்லி அனுப்பி, வாயில் பால் ஊற்றுவார்கள். அது வேறு சங்கதி. காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவருக்கு வந்தால், நெஞ்சை அமுக்க ஆரம்பிக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. நர்சிங் படித்துவிட்டு ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நான், சில வருடம் கழித்து இ.எம்.டி.யாகச் சேர்ந்தேன். வண்டியில் இரண்டே பேர். ஓட்டுகிறவரை நாங்கள் பைலட் என்போம், நோயாளியைப் பார்க்கிறவர் இ.எம்.டி. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று முல்லைப் பெரியாறு நனைக்கிற பள்ளத்தாக்குதான் என் பாதை. நெல், வாழை, திராட்சை, மேலே எஸ்டேட். சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போய், அங்கிருந்து எங்களுக்கு வரும். வண்டி கிளம்பியதும் நான் செய்கிற முதல் வேலை, அழைத்தவருக்குத் திரும்பப் போன் போடுவது. எந்தத் தெரு, எந்தக் கோயிலுக்குப் பக்கம் என்று வழி கேட்பதற்குத்தான் அந்தப் போன். ஆனால் விழுந்தவருக்கு நாடி இல்லை என்று தோன்றிவிட்டால் வழி கேட்கும் வேலையைப் பைலட் அண்ணனிடம் விட்டுவிட்டு, எதிர்முனையில் இருப்பவரின் கைகளைத்தான் நான் முதலில் தேடுவேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. இதயம் நின்றால் மூளை நாலைந்து நிமிடத்தில் கெடத் தொடங்கும். யாரும் எதுவும் செய்யாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கிற வாய்ப்பில் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கைத் தின்றுவிடுகிறது. எங்கள் வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும், சந்தை நாளில் சின்னமனூர் கடைவீதியைத் தாண்டி, வாழைத் தோப்புக்குள் போகும் மண்பாதையில் இறங்கி, வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் அந்த நாலைந்து நிமிடம் முடிந்துபோயிருக்கும். அந்த நிமிடங்கள் பக்கத்தில் நிற்கிறவருடையவை. மனைவி, மகன், அடுத்த வீட்டுக்காரர், டீக்கடையில் எதிரே உட்கார்ந்திருந்தவர், யாராக இருந்தாலும் அவர்தான் முதல் வைத்தியர். நான் இரண்டாவதாகத்தான் வருகிறேன்.

முதல் வைத்தியர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பார் என்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். உள்ளங்காலைத் தேய்ப்பார்கள். வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். ஒருவர் சோடா உடைத்துக்கொண்டு ஓடி வருவார். நினைவில்லாதவர் வாயில் ஊற்றுவது எதுவானாலும் மூச்சுக்குழாய்க்குள் போகும், அதனால் சோடாவும் சர்க்கரைத் தண்ணீரும் கூடவே கூடாது. மற்றவை அவரைக் கெடுப்பதில்லை, ஆனால் நேரத்தைத் தின்கின்றன. இவற்றைச் செய்கிறவர்களைத் திட்டி எனக்குப் பழக்கமில்லை. அத்தனையும் அன்பால் செய்வது. சும்மா நிற்க முடியாமல்தான் காலைத் தேய்க்கிறார்கள். அந்தக் கைகளைக் காலிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்துவிட்டால் போதும் என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குள்ள ஒரே பேராசை.

பார்க்க வேண்டியது இரண்டுதான். தோளை அழுத்தித் தட்டி, காதருகே உரக்கக் கூப்பிட வேண்டும். அசைவில்லை என்றால் நெஞ்சையும் வயிற்றையும் பார்க்க வேண்டும். பத்து நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். சீராக ஏறி இறங்கினால் சரி. இல்லையென்றால், அல்லது எப்போதாவது ஒன்று இழுத்தால், இதயம் நின்றதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். நாடி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். பழகிய எங்களுக்கே பதற்றத்தில் நம் விரலின் துடிப்பு அவருடைய நாடி போலத் தெரியும். ஒருவர் 108க்குப் போட்டுப் போனை ஸ்பீக்கரில் வைத்துத் தரையில் வைக்கட்டும். இன்னொருவர் தெருமுனைக்கு ஓடி வண்டிக்கு வழிகாட்டட்டும்.

அடுத்தது, தரை. போடிப் பக்கம் இலவ மரம் அதிகம், அதனால் எங்கள் மாவட்டத்தில் வசதியில்லாத வீட்டில்கூட இலவம்பஞ்சு மெத்தை இருக்கும். விழுந்தவரை முதலில் அதில்தான் கிடத்துவார்கள். மேலே நின்று எவ்வளவு அமுக்கினாலும் மெத்தைதான் இறங்கும், நெஞ்சு இறங்காது. கயிற்றுக் கட்டிலும் அப்படியே. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லும் முதல் வார்த்தை "இறக்குங்க" என்பதுதான். இருவர் தோள், இருவர் கால் பிடித்து, தலையை ஒருவர் தாங்கி, சிமெண்டுத் தரையில் மல்லாக்கக் கிடத்த வேண்டும். உத்தமபாளையம் பக்கத்து ஊரொன்றில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மகனைத் தரையில போடாத தாயி, பிணத்தைத்தான் தரையில போடுவாக" என்று அழுதார். அவர் சொன்னதில் இருந்த நியாயம் எனக்குப் புரிந்தது. பக்கத்தில் மண்டியிட்டு, "தரையில போட்டாத்தான் பாட்டி காப்பாத்த முடியும்" என்றேன். அவரே கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து விலக்கி இடம் செய்து கொடுத்தார்.

இப்போது கை. அவருடைய தோளையொட்டிப் பக்கவாட்டில் மண்டியிட வேண்டும், முழங்கால் அவர் உடம்பைத் தொடுகிற அளவு நெருக்கமாக. மார்பின் நட்டநடுவே நெஞ்செலும்பு இருக்கிறது. அதன் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, மணிக்கட்டை ஒட்டிய அந்தக் கனமான பாகம், பதிய வேண்டும். இதயம் இடப்பக்கம் இருக்கிறது என்று பள்ளியில் படித்த ஞாபகத்தில் பலரும் இடது மார்பில் கை வைப்பார்கள். வேண்டாம், நடுவில்தான். மற்றக் கையை அதன்மேல் வைத்து விரல்களைக் கோத்துத் தூக்கிக்கொள்ள வேண்டும், விரல் நுனி விலாவில் படக் கூடாது. முழங்கை மடங்கக் கூடாது. தோள்பட்டை கைக்கு நேர் மேலே வர வேண்டும்.

நான் உயரமும் பருமனும் இல்லாதவள். சேர்ந்த புதிதில் என்னைப் பார்த்து, "இந்தப் பாப்பாவா அமுக்கப் போகுது" என்று கேட்காத ஊர் குறைவு. கைவலுவால் அமுக்கினால் மல்யுத்தக்காரனுக்கும் ஒரு நிமிடத்தில் தோள் விட்டுப்போகும். இடுப்பை அச்சாக வைத்து முன்னால் சாய்ந்தால் நம் உடம்பின் எடையே நேராக இறங்கிவிடும். குறைந்தது ஐந்து சென்டிமீட்டர், ஆறுக்கு மேல் போக வேண்டாம். நடுவிரலில் பாதிக்குமேல் உள்ளே போகிற ஆழம் அது. ஒரு மனிதரின் நெஞ்சை அவ்வளவு ஆழத்துக்கு அமுக்குவது பார்க்கிறவர்களுக்குக் கொடூரமாக இருக்கும். செய்கிறவருக்கும் மனம் வராது. அதனால்தான் புதியவர்கள் எல்லாரும் மேலோட்டமாக அமுக்குகிறார்கள்.

நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை. வாய்விட்டு எண்ண வேண்டும். நாங்கள் ஒன்றிலிருந்து பத்துவரைதான் எண்ணுவோம், மூன்று தடவை. "இருபத்தி ஒண்ணு, இருபத்தி ரெண்டு" என்று போனால் நாக்கு சுற்றிக்கொண்டு தாளம் இறங்கிவிடும்.

அமுக்குவதைப் போலவே விடுவதும் வேலைதான், இதைப் பலரும் கவனிப்பதில்லை. களைப்பில் அவர் மார்மீதே நம் பாரத்தைச் சாய்த்துக்கொள்ளத் தோன்றும். அப்படிச் சாய்ந்தால் நெஞ்சு முழுக்க எழும்பாது. எழும்பும்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் திரும்ப நிரம்புகிறது. நிரம்பாத இதயத்தை எவ்வளவு அமுக்கினாலும் வெளியே போக ஒன்றும் இருக்காது. உள்ளங்கை தோலைவிட்டுப் பிரியாமல், ஆனால் துளி எடைகூட அதன்மேல் இல்லாமல் எழ வேண்டும்.

ஏன் நிறுத்தக் கூடாது என்பதை ஊரில் யாருக்கும் அடிபம்பைச் சொல்லித்தான் விளக்குவேன். வெயில் காலத்தில் அடிபம்பில் முதல் பத்து அடிக்குக் காற்றுதான் வரும். அடிக்க அடிக்கத்தான் தண்ணீர் குழாய்க்குள் ஏறி வாய்க்கு வரும். கையை எடுத்துவிட்டால் ஏறிய தண்ணீர் கீழே இறங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற குழாய்களில் அழுத்தம் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, நிறுத்தியதும் சட்டென்று விழுகிறது. மிக நன்றாக அமுக்கினாலும் வழக்கமாக ஓடும் ரத்தத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் ஓடும். அந்தக் கொஞ்சத்தையும் "முழிச்சிட்டாரா பார்ப்போம்" என்று நிமிடத்துக்கொரு முறை நிறுத்திப் பார்த்துக் கெடுத்துவிடக் கூடாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும். களைப்பு நமக்குத் தெரிவதற்கு முன்பே ஆழம் குறையத் தொடங்கியிருக்கும்.

எலும்பு உடையும். இதை மறைத்துப் பயிற்சி கொடுப்பது எனக்குப் பிடிக்காது. வயதானவர்களிடம் முதல் சில அமுக்கலிலேயே உள்ளங்கைக்குக் கீழே ஒரு முறிவு தெரியும், காதிலும் கேட்கும். முன்கூட்டித் தெரியாதவர் அந்தச் சத்தத்தில் கையை எடுத்துவிடுவார், பிறகு மறுபடி வைக்கவே மாட்டார். விலா எலும்பு சில வாரத்தில் கூடிவிடும். கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடர வேண்டியதுதான்.

இந்த முறைக்கு இன்னும் நூறு வயதாகவில்லை என்பதைப் பயிற்சியில் சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கௌவன்ஹோவன் என்றொரு மின்பொறியாளர் இருந்தார். மின்கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர்கள் மின்சாரம் தாக்கி இறப்பதைத் தடுக்க மின் நிறுவனங்கள் வழி தேடின, அந்த ஆய்வில்தான் அவர் இருந்தார். 1958இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்த கை நிக்கர்பாக்கர் என்ற இளைஞர், ஒரு நாயின் நெஞ்சில் ஷாக் கொடுக்கும் கனமான தகடுகளை அழுத்தி வைத்தபோது, மின்சாரம் பாயும் முன்பே அதன் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதைக் கவனித்தார். அதுவரை நின்ற இதயத்துக்கு மார்பை அறுத்துத் திறந்து கையால் பிசைவதுதான் வழி. அறுக்காமலே வெளியிலிருந்து அமுக்கலாம் என்பதற்கு அந்த ஏற்றம்தான் தொடக்கம். அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் சேர்ந்து மூவரும் 1960இல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் சொன்ன இருபது நோயாளிகளில் பதினான்கு பேர் பிழைத்திருந்தார்கள். மருத்துவமனைக்குள், பக்கத்திலேயே ஆட்கள் இருந்த இடத்தில் கிடைத்த கணக்கு அது. தெருவில் அப்படிக் கிடைக்காது. ஆனாலும் எந்தக் கருவியும் வேண்டாம், இரண்டு கை போதும் என்பது அன்றுமுதல் தெரிந்துபோயிற்று.

அதே 1960இல்தான் நார்வேயில் அஸ்முண்ட் லேர்டால் என்ற பொம்மைத் தயாரிப்பாளர் பயிற்சிக்கான பொம்மையைக் கொண்டுவந்தார். தண்ணீரில் மூழ்கவிருந்த தன் சிறுவயது மகனைக் காப்பாற்றிய தகப்பன் அவர். பாரிஸின் சேன் ஆற்றில் இறந்து கிடந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகத்தை அந்தப் பொம்மைக்கு வைத்தார். நானும் அந்தப் பொம்மையில்தான் படித்தேன். அதன் நெஞ்சில் ஸ்பிரிங் ஒன்று, சரியான ஆழத்துக்குப் போனால் டிக் என்று சத்தம் கேட்கும். அந்த டிக் சத்தம் என் உள்ளங்கைக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

சின்னமனூரில் ஒரு வாழைக்காய் மண்டி. தார் ஏற்றிக்கொண்டிருந்த லோடுமேன் ஒருவர், தோளில் தாருடன் அப்படியே சரிந்துவிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். போன் செய்தவர் கூட வேலை செய்கிறவர். "கண்ணு மேல சொருகிருச்சு, வாயத் தொறந்து தொறந்து மூடுறாப்ல" என்றார். "நெஞ்சுக்கு நடுவுல கைய வைங்க. நான் எண்ணுறேன், நீங்க அமுக்குங்க" என்றேன். "எனக்குப் பழக்கமில்லையே சிஸ்டர்." "மூட்டை தூக்குற கை உங்க கை. பழக்கம் வேண்டாம். ஒண்ணு, ரெண்டு, மூணு..." முதலில் போனில் கூச்சல் மட்டும் கேட்டது. பிறகு என் எண்ணிக்கையோடு ஒட்டி அவருடைய மூச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. அமுக்குகிறார் என்று தெரிந்துகொண்டேன். "கையை எடுக்காதீங்க, அடுத்த ஆளைத் தயாரா நிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாழைச் சருகின்மேல் அவரைக் கிடத்தி, நாலு பேர் முறைவைத்து அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பிவிடவில்லை. "அமுக்குங்க, அமுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கத்தரித்தேன். வேர்வையில் மார்பு நனைந்திருந்தது. ஈரத்தில், ஷாக் கொடுக்கும் ஏ.இ.டி. கருவியின் பேட் ஒட்டாது, ஒட்டினாலும் மின்சாரம் தோல்மேலேயே ஓடிவிடும். துண்டால் அழுந்தத் துடைத்து, ஒன்றை வலது காறையெலும்புக்குக் கீழேயும் இன்னொன்றை இடது அக்குளுக்குக் கீழே விலாவிலும் ஒட்டினேன். கருவி அப்போதுதான் எல்லாரையும் விலகச் சொன்னது. ஷாக் கொடுத்ததும் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. சினிமாவில் வருவதுபோல அந்த நொடியே எழுந்து உட்கார மாட்டார்கள். உடனே மறுபடி அமுக்கினோம். இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தபோது கழுத்தில் நாடி இருந்தது. க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சில மாதம் கழித்து அதே மண்டியில் அவர் தார்க்கணக்கு எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவரைப் பிழைக்கவைத்தது என் கருவியா என்று கேட்டால், கருவி வேலை செய்கிற நிலையில் அவர் இதயத்தை வைத்திருந்தது அந்த நாலு பேர் என்றுதான் சொல்வேன். நின்ற இதயம் பல நேரம் முதலில் ஒழுங்கில்லாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். ஷாக் அந்த நடுக்கத்தை நிறுத்துகிறது, அவ்வளவுதான். ரத்தம் போகாமல் நடுக்கமும் அடங்கி இ.சி.ஜி. கோடு நேராகிவிட்டால், எந்த ஷாக்கும் அதை எழுப்பாது. திரைப்படங்கள் இதைத் தலைகீழாகக் காட்டிக்கொண்டிருக்கின்றன.

பெண் விழுந்தால் நிலைமை வேறு. சுற்றி இருபது ஆண்கள் நிற்பார்கள், ஒருவர் கையும் நீளாது. புடவையைச் சரிசெய்து போர்த்திவிடுவார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வருத்தமும் ஒன்றாக வரும். ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் சரிந்துவிட்ட அம்மாவுக்கு நான் போய்ச் சேரும்வரை விசிறிக்கொண்டு மட்டும் இருந்தார்கள். அவருடைய மகன் பக்கத்தில்தான் நின்றார். "நெஞ்சுல எப்படிம்மா கைய வைக்கிறது" என்று பிறகு கேட்டார். பெற்ற தாயிடமே அந்தக் கூச்சம். முந்தானையை விலக்கக்கூட வேண்டாம், ரவிக்கைக்கு மேலேயே அமுக்கலாம். தாலிக்கொடி கைக்குக் கீழே சிக்கினால் தோள்பக்கம் ஒதுக்கினால் போதும், கழற்ற வேண்டியதில்லை. கழற்றலாமா என்று பெரியவர்களைக் கேட்டு முடிவெடுப்பதற்குள் நேரம் போய்விடும். பேட் ஒட்டும்போதுதான் சங்கிலி அதற்குக் கீழே இருக்கக் கூடாது. பெண்கள் நாலு பேர் சேலையை விரித்து மறைப்புக் கட்டிக்கொள்ளட்டும், அதற்குள்ளே மகனோ கணவனோ வேற்று மனிதனோ அமுக்கட்டும். ஊரில் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு அந்த மண்டபமும் ஒரு காரணம்.

போலீஸ், கேஸ் என்ற பயமும் உண்டு. சாலை விபத்தில் உதவுகிறவர்களை விசாரணை என்று அலைக்கழிக்கக் கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்கு 134ஏ என்ற பிரிவு வந்தது. வீட்டிலும் கடையிலும் விழுந்தவரின் நெஞ்சை அமுக்கியதற்காக ஒருவர் ஸ்டேஷன் படி ஏறியதை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை.

வாயோடு வாய் வைத்து ஊதுவதை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று. மாரடைப்பில் விழுந்தவரின் ரத்தத்தில் முதல் சில நிமிடத்துக்கான ஆக்சிஜன் இருக்கும், அதைச் சுற்றவிட்டால் போதும். இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 2017இல் பொதுமக்களுக்கென்று வகுத்த முறையும் ஊதச் சொல்லவில்லை, அமுக்க மட்டும்தான் சொல்கிறது. எங்களிடம் ஆம்பு பேக் இருக்கிறது, முப்பது அமுக்கலுக்கு இரண்டு தடவை காற்று கொடுப்போம். ஆனால் வாய்க்காலில் மூழ்கியவர் வேறு. அவருக்கு மூச்சு நின்றுதான் இதயம் நின்றிருக்கிறது, ஊதத் தெரிந்தவர் இருந்தால் ஊதியே ஆக வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கிறேன் என்று குப்புறப் போடுவதும், காலைப் பிடித்துச் சுற்றுவதும் வீண். மோட்டார் ரூமில் மின்சாரம் தாக்கியவரைத் தொடும்முன் மெயினை இறக்க வேண்டும், பியூஸ் கட்டையைப் பிடுங்க வேண்டும். தகப்பனைத் தூக்கப்போன மகனையும் சேர்த்து இழந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். பூச்சிமருந்து குடித்தவருக்கு வாயில் ஊதக் கூடாது, மருந்து ஊதுகிறவருக்கும் ஏறும். கையால் மட்டும் அமுக்க வேண்டும்.

இத்தனையும் செய்தும் பெரும்பாலானவர்கள் திரும்புவதில்லை. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் இதையும் சொல்லிவிடுவேன். இல்லையென்றால், அமுக்கியும் அப்பா போய்விட்டார் என்றால் தன் கையில்தான் குறை என்று ஒரு மகன் வாழ்நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருப்பான். வண்டியில் எவ்வளவு நேரம் அமுக்கினாலும் நாடி வராதபோது இ.ஆர்.சி.பி. என்று நாங்கள் சொல்கிற கட்டுப்பாட்டு அறை மருத்துவருக்குப் போன் போட்டு நிலைமையைச் சொல்வேன். அதன்பிறகு வீட்டாரிடம் பேச வேண்டியவளும் நான்தான். அமுக்கியவரைத் தனியே தேடிப்போய், "நீங்க செஞ்சது சரியாத்தான் இருந்துச்சு" என்று சொல்லாமல் அந்த வீட்டை விட்டு நான் வருவதில்லை.

இப்போது ஓய்வு நாட்களில் நூறு நாள் வேலை நடக்கிற இடங்களுக்குப் போகிறேன். பொம்மையைப் புளியமரத்தடியில் கிடத்தினால் போதும், மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். வாழ்நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்த உடம்புகள், இடுப்பிலிருந்து சாய்வது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முழங்கையை மட்டும் நேராக்கிவிட்டால், டிக் சத்தம் முதல் தடவையே கேட்கும். கல்லூரிப் பையன்களைவிட அறுபது வயது அம்மாக்கள் ஆழமாக அமுக்குகிறார்கள். எண்ணிக்கையைக் குலவை போல எல்லாரும் சேர்ந்து போடுவார்கள், அதில் தாளம் தப்பவே தப்பாது.

எல்லாரும் அமுக்கிப் பார்த்து முடித்ததும், ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. சென்ற முறை கேட்டவர், வீட்டில் இதய நோயாளிக் கணவரை வைத்திருக்கிற அக்கா. "சிஸ்டர், எனக்குச் சரியாப் பார்க்கத் தெரியாம, அவருக்கு இதயம் ஓடிக்கிட்டிருக்கும்போதே அமுக்கிட்டேன்னா?"

"வலிக்கும்ல அக்கா? முனகுவாரு, ஒங்க கையத் தட்டிவிடுவாரு. அப்ப நிறுத்திட்டு, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, மூச்சு ஒழுங்கா வருதான்னு பார்த்துக்கிட்டே இருங்க. அதுக்குள்ள நாங்க வந்துருவோம்."

"தட்டிவிடலேன்னா?"

"அப்ப அமுக்கிக்கிட்டே இருங்க. நான் வந்து ஒங்க தோளைத் தொட்டு, 'நான் பார்த்துக்கிறேன்'னு சொல்றவரைக்கும்."

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி பொம்மைக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்.